பச்சை உடம்புக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

என் அண்ணன் சக்திவேல் யாரையாவது எதிர்ப்பது என்று முடிவு செய்துவிட்டால், முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பல வருடங்களாகப் பார்க்கிறேன். பள்ளியில் படிக்கும்போது அவன் கட்டியிருந்தது மாமா கொடுத்த ஓடாத வாட்ச். அதையும் கழற்றுவான். அப்பா இறந்த வருடம், "பொட்டப் புள்ளய காலேஜுக்கு அனுப்பி இன்னா பண்ணப்போற?" என்று பங்காளிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கும் கழற்றினான். மறுநாள் காலை என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டான்.

ஏன் கழற்றுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "அடிதடி ஆனா ஒடைஞ்சிடும் இல்ல?" என்றான். எனக்குத் தெரிந்து அவன் யாரையும் அடித்ததில்லை.

அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் தவறியவன். திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கும் ஆட்டோ ஓட்டுகிறான். நான் பி.எஸ்சி. விலங்கியல். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது. பாலூட்டிகள் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி, படம் வரைந்து, பாகங்களும் குறித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு தாய்க்குப் பால் வற்றிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி அருணாதேவிக்குக் கீழ்பென்னாத்தூர். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். ஆனால் அண்ணிக்குத் தாய் இல்லை. அப்பாவும் தம்பியும் மட்டும் இருக்கிற வீட்டில் பச்சை உடம்புக்காரியை யார் பார்ப்பது என்று, பிரசவம் முடிந்து எங்கள் வீட்டுக்கே வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பைப் பச்சை உடம்பு என்பார்கள். அதற்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பதெல்லாம் எங்கள் அம்மா ரேணுகாம்பாளுக்கு மனப்பாடம்.

அம்மாவைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருக்கிறவள். காலை நாலரைக்கு எழுந்து, கடைக்கு மாவைக் கரைப்பதற்கு முன் மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். கருவாடு சுட்டு வைப்பாள். ஆனால் தண்ணீர் தரமாட்டாள். காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், பொழுதுசாய்ந்து ஒரு டம்ளர். அவ்வளவுதான். "பச்ச ஒடம்புல தண்ணி ஊத்துனா வவுறு பெருத்துடும். புள்ளைக்கும் சளி புடிக்கும்" என்பாள். தண்ணீர்க் குடம் அண்ணியின் அறையிலிருந்து அடுப்படிக்கு மாறியது. அண்ணி எழுந்து போய் எடுத்துக் குடிக்கலாம்தான். வந்த வீட்டில், தாயில்லாதவள், குடத்தில் கை வைப்பாளா?

அவள் உதடு வெடித்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, போட்டித் தேர்வுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். நான் படித்தது பரீட்சைக்கா, வீட்டுக்கா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் குழந்தையைப் பார்க்க எல்லம்மாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. குழந்தை அழுதது. அத்தை ஒரு நிமிடம் கேட்டாள். உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"பால் பத்தல. அழுவுறதப் பாத்தாலே தெரியல? டப்பா வாங்குங்கடி. இந்த ஊட்டுக்கு வந்தவளுங்களுக்கே பால் கம்மி. சக்தி பொறந்தப்போ உனக்கு மட்டும் இன்னா கொட்டுச்சா?"

அம்மா பதில் சொல்லவில்லை. டவுனுக்குப் போய் மருந்துக் கடையில் பால் டப்பா வாங்கி வந்தது நான்தான். டப்பாவின் மேல் எழுதியிருந்த அளவை அம்மாவுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். படித்தவள் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி என்று அத்தை பாராட்டினாள்.

அதன் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. குழந்தை டப்பாப் பால் குடித்துவிட்டுத் தூங்கும். மார்பில் வாய் வைக்கும் நேரம் குறைந்தது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குடிக்கவில்லை, ஊறவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல" என்றார்கள் எல்லாரும். அண்ணியும் அதை நம்ப ஆரம்பித்தாள். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று.

இருபத்திரண்டாம் நாள் குழந்தையை எடை பார்க்கத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அண்ணன் ஆட்டோ ஓட்டி வந்தவன், வெளியே நிற்காமல் உள்ளே வந்துவிட்டான். நர்ஸ் வினோதினி தராசைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறந்த எடையைவிட ஐம்பது கிராம் குறைவு.

"தாய்ப்பால் மட்டும்தானே?"

"டப்பாவும் குடுக்கறோம்" என்றாள் அம்மா.

"நீங்க எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க, அருணா?"

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு டம்ளர்ங்க" என்றான் அண்ணன்.

"வேளைக்கா?"

"நாளைக்கு."

வினோதினி பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அண்ணியை மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். காம்பு வெடித்திருந்தது. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கத்தான் செய்யும், அதைச் சுற்றியிருக்கும் கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகவேண்டும் என்று பிடித்துக் காட்டினார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான்: "மேடம், பால் ஊறுறது யார் கையில கீது?"

"பாதி கொழந்த வாயில. மிச்சம் உங்க வீட்ல" என்றார். "ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவையாவது மார்ல போடணும். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவங்க தண்ணி குடிக்கணும். பருப்பு, பழம், முட்டை எல்லாம் சாப்பிடலாம். தூங்க வுடுங்க. டப்பாவ ஒரேடியா நிறுத்தாதீங்க. வாரா வாரம் எடை பாத்து கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணலாம். கொழந்த ஒண்ணுக்குப் போறது கம்மியானா ஒடனே கூட்டிட்டு வாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "நான் ரெண்டு பெத்தவ. அந்த நர்சு எத்தினி பெத்தா?"

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் இறங்கினான். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டான். எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

நேராக அடுப்படிக்குப் போனான். குடத்தைத் தூக்கிவந்து அண்ணியின் அறையில் வைத்தான். பெரிய பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுத்தான். அண்ணி அதை வாங்கவே பயந்தாள்.

"குடி."

"அத்த..."

"அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ குடி."

அம்மா கதவருகில் நின்றாள். "டேய், வவுறு பெருத்துப் போவும்டா அவளுக்கு!"

"பெருக்கட்டும்மா. நான்தானே பாக்கப்போறேன்? எனக்குப் பரவால்ல."

அண்ணி குடித்தாள். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். ஒரு மனிதர் அப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் மட்டும் சவாரி என்று ஆட்டோ வேலையைப் பிரித்துக்கொண்டான். அண்ணி பாலூட்ட உட்கார்ந்தால் பக்கத்தில் சொம்பு இருக்கும். குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுவான். வாட்ச் பட்டை குழந்தையைக் கீறும் என்று அதைக் கட்டுவதையே விட்டுவிட்டான். மூத்திரத் துணிகளைத் தெருக் குழாயடியில் உட்கார்ந்து அலசினான். தெருவே பார்த்தது. "ஆம்பள தொவைக்கிறான் பாரு" என்று சொன்ன பெண்களிடம், "ஆமாக்கா, உங்களுது இருந்தாலும் போடுங்க" என்றான். பகலில் குழந்தை பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தினான். "தூங்கறாங்க. ரெண்டு பேரும்." எல்லம்மாள் அத்தை மறுபடி வந்தபோதும் அதே பதில்தான். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள்.

ஆட்டோ ஸ்டாண்டுக்கும் செய்தி போய்விட்டது. அண்ணனோடு ஓட்டுகிற ஆதிமூலம் பத்து பேர் முன்னால் கேட்டானாம்.

"இன்னாடா சக்தி, ஊட்டுல நீதான் பால் குடுக்கறியாமே?"

"எனக்கு இருந்தா குடுத்திருப்பேன் மச்சான். இல்ல. அதான் சொம்பு தூக்கறேன்."

இதை என்னிடம் சொன்னது ஆதிமூலமே. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கேலி செய்யப் போய்த் தோற்றவன் சிரிப்பு.

ஆனால் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் வாரம் எண்பது கிராம்தான் ஏறியது. டப்பாவைக் குறைத்த அன்றைக்கெல்லாம் குழந்தை அழுதது. ஒரு மத்தியானம் அண்ணியும் சேர்ந்து அழுதாள். "போதும்ங்க. என்னால முடியல. டப்பாவே குடுத்துடலாம்."

அண்ணன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "உனக்கு வேணாம்னா நிறுத்திடலாம் அருணா. சத்தியமா. நீ தப்பு பண்ணதா நானும் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவும் வுடமாட்டேன். ஆனா அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னு நிறுத்தாத. இப்போ சாப்ட்டு தூங்கு. எழுந்து சொல்லு."

குழந்தையை என்னிடம் கொடுத்தான். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புத்தகத்தை மூடினேன். அண்ணி மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்து, முகம் கழுவி, என்னிடம் வந்து, "பாப்பாவ குடு மணி" என்றாள்.

அடுத்த பௌர்ணமி வந்தபோது குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள். பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் மலையைச் சுற்றி ஜனம் ஆறுபோல ஓடும். கடைக்கு ஆள் போதாது. முந்தின நாள் காலை அம்மா சொன்னாள்: "நாளைக்கு அருணா வந்து கல்லாவுல குந்திக்கட்டும். புள்ளய மணி பாத்துக்குவா. டப்பா கீது இல்ல?"

"அருணா வரமாட்டா. நான் வரேன்" என்றான் அண்ணன்.

"பௌர்ணமியில ஆட்டோ ஓட்டாத டிரைவரு எந்த ஊர்லடா கீறான்?"

"இந்த ஊர்ல ஒருத்தன்."

சொன்னபடி தோசைக்கல் முன்னால் நின்றான். சாயங்காலம் நான்கு மணிக்கே கூட்டம் கட்டிவிட்டது. சாம்பார் வாளியோடு அம்மா, கல்லாவில் நான். அண்ணன் ஊற்றிய தோசையைப் பார்த்துச் சென்னையிலிருந்து நடக்க வந்த ஒருவர், "தம்பி, இது இன்னா, ஆஸ்திரேலியாவா?" என்றார். "ஆமாங்க, சாப்ட்டா விசா வேணாம்" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். கரிந்ததைத் தனியே ஒரு தட்டில் அடுக்கினான். தட்டு நிறைந்துகொண்டே போனது.

வீடு இரண்டு சந்து தள்ளி. நடுவில் இரண்டு முறை "பத்து நிமிஷம்" என்று ஓடினான், அண்ணிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பிவிட்டு வர. மூன்றாவது முறை அடுப்பைத் தணித்தபோது மணி ஆறு. ஆதிமூலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவன் ஏற்றிவந்த நாலைந்து பேரோடு டிபனுக்குக் காத்திருந்தான். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஊர்ல இல்லாத பொண்டாட்டியாடா கட்டிக்கினு வந்த? நான் உன்னப் பெத்து பன்னெண்டாம் நாள் மல்லாட்ட புடுங்கப் போனேன். எனக்கு எவன்டா சொம்ப எடுத்துக்கினு பின்னாலயே வந்தான்?"

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அண்ணன் தோசைத் திருப்பியைக் கல்லின் மேல் வைத்தான்.

"அதான் நீ எனக்குப் பால் குடுக்கல. ஆட்டுப் பாலும் கஞ்சித் தண்ணியும் ஊத்தி வளத்த. நீ உம் புள்ளைக்கிக் குடுக்காதத அவ எம் பொண்ணுக்குக் குடுக்கறா. வுடு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவின் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் போனது. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு வெளியே வந்து அடுத்த தட்டில் சாம்பார் ஊற்றியது.

அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் 'சபாஷ்' என்றிருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் மற்றவரை வெட்டுகிற வார்த்தை எதுவும் துணிச்சலாகத்தான் ஒலிக்கிறது, அது யாரை வெட்டியது என்று தெரிகிறவரை.

அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு அம்மா அண்ணியைக் கடைக்குக் கூப்பிடவில்லை. பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தியைப் பேசி வைத்துக்கொண்டாள். குழந்தை வாரம் இருநூறு கிராம், சில வாரம் அதற்கு மேலும் ஏறியது. மூன்றாம் மாதம் டப்பாவே வேண்டாம் என்று வினோதினி அட்டையில் எழுதினார். அன்றைக்கு அண்ணன் அந்த அட்டையை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். பட்டமளிப்பு விழாவில் நான்கூட அவ்வளவு காட்டியதில்லை. குழந்தைக்கு அபிநயா என்று பெயர் வைத்தார்கள்.

தை மாதம் ஒரு காலை, நானும் அம்மாவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கீரை அண்ணிக்கு. அம்மா திடீரென்று கேட்டாள்.

"நீ இதெல்லாம் காலேஜ்ல படிச்சதானே? புள்ளைக்கிக் குடுக்காம வுட்டா எத்தினி நாள்ல பால் வத்தும்?"

"சரியாத் தெரியலம்மா. ஆளுக்கு ஆள் மாறும்."

"பதினேழு நாளு" என்றாள் அம்மா.

நான் கீரையை வைத்துவிட்டேன்.

"பதினேழு நாளு வந்துக்கினே இருந்துதுடி. ரவிக்க நனைஞ்சி பொடவயும் நனைஞ்சிடும். மார் கல்லு மாதிரி ஆயிடும். மழைக்கு முந்தி மல்லாட்ட எடுக்கணும்னு எம் மாமியா என்ன வூட்டுக்கு வர வுடல. வெயில்ல புள்ளய நெலத்துக்கு எடுத்தாரவும் வுடல. வரப்புல குந்தி மண்ணுல பீச்சி வுடுவேன். உங்கப்பா பக்கத்து சால்லதான் புடுங்கிக்கினு இருந்தாரு. பாப்பாரு. திரும்பிக்குவாரு."

கொஞ்சம் கழித்து, "குடுக்கலன்னு சொல்லிட்டான்" என்றாள். பிறகு காம்புகளைத் தனியாகக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கே பால் கம்மி என்று அத்தை சொன்னபோது அம்மா ஏன் பேசாமல் இருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று பக்கம் எழுதி வாங்கிய மதிப்பெண்ணில் இந்தப் பதினேழு நாள் இல்லை. அம்மா அண்ணிக்குத் தண்ணீர் தராதது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் தரவில்லை என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் நான் அண்ணனைப் பற்றி எழுதுவது பாதி பொய்யாகிவிடும்.

அன்று மாலையே ஆட்டோவில் வரும்போது அண்ணனிடம் சொன்னேன். ஆட்டோவை ஓரம் கட்டினான்.

"பதினேழு நாளா?"

"ம்."

"மண்ணுலயா?"

"ம்."

கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "கேக்கறேன்" என்றான். "அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கறேன் மணி. ஆதிமூலத்த வச்சிக்கினே கேக்கறேன்."

இப்போது அபிநயாவுக்கு ஒன்றேகால் வயது. இன்னும் பால் குடிக்கிறாள். "பல்லு மொளச்சப்புறம் இன்னாடி பாலு?" என்று கடைக்கு வந்த ஒருத்தி அண்ணியிடம் கேட்டபோது, அம்மா சட்னிக் கிண்ணத்தை டங்கென்று வைத்து, "ஏன், உன் ஊட்டுப் பாலா?" என்றாள். அண்ணி பயந்து என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வெளியே போய்ச் சிரித்தோம்.

அண்ணன் அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம் வாங்கித் தருகிறான். கடைக்குத் தண்ணீர் கேனைத் தானே தூக்கி வைக்கிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தோசை ஊற்றுகிறான், இப்போது வட்டமாகவே வருகிறது. கேட்கிறேன் என்று சொன்னதை மட்டும் கேட்கவில்லை. எப்போது என்று நான் மூன்று முறை கேட்டுவிட்டேன். நாக்கு வரமாட்டேன் என்கிறது என்றான். அத்தை முன்னாலும் ஆதிமூலம் முன்னாலும் வந்த நாக்குத்தானே என்றேன். எதிர்த்துப் பேசுவது வேறு, இது வேறு என்றான்.

போன பௌர்ணமி சாயங்காலம் கூட்டம் சற்று அடங்கிய நேரம். ஆதிமூலம் பெஞ்சில் உட்கார்ந்து டீ ஊதிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அடுப்பைத் தணித்தான்.

"அம்மா" என்றான்.

அம்மா வாளியோடு திரும்பினாள். "இன்னாடா?"

நான் கல்லாவை மூடிவிட்டு அவனையே பார்த்து நின்றேன்.

"மாவு தீந்துடுச்சி" என்றான்.